கொழும்பின் கரையும் மணலின் அரசியற் பொருளாதாரமும்

தமிழிலக்கிய ஆய்வில் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்னும் பெயரால் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றன. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்களும் தொழிலும் உணவும் பறவையும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது நம் இலக்கண மரபு. இப்பகுப்பினை வெறுங் கவிமரபாக மட்டும் கொள்ளாது, பண்டைத் தென்னிந்தியாவில் நிலவிய சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து விளக்கியவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. திணைக் கோட்பாடு குறித்து 1974 இல் வெளியான அவரது ஆங்கிலக் கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தியது. ஆயினும் அதன் பின்னரும் நம்மிடையே ஓர் எடுகோள் கேள்விக்குட்படாது நிலைத்துள்ளது. மக்கள் மாறுவர், தொழில் மாறும், முதற்பொருளாகிய நிலம் மட்டும் மாறாது கிடக்கும் என்பதே அது. கொழும்பின் கரையை நோக்குவோர்க்கு இவ்வெடுகோள் பொருந்தாமை விரைவில் புலனாகும். அங்கு நிலமே மாறிவருகின்றது. அம்மாற்றத்தில் இயற்கைக்குப் பங்குண்டு. முதலுக்கும் அரசுக்கும் பங்குண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரையுள்ள கரையின் வரலாற்றை மணலின் இயக்கத்தினூடாக நோக்கி, கரையோர மாற்றத்தின் பயனும் பாதிப்பும் எவ்வெவ்வர்க்கங்களைச் சென்றடைந்தன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மணலின் வரவும் செலவும்

வெள்ளவத்தை என்னும் இடப்பெயர் தமிழ்ச் செவிக்கு வெள்ளத்தை நினைவூட்டக்கூடும். ஆயின் அது சிங்களச் சொற்களின் வழி வந்த பெயர். வெல்ல என்பது மணற்கரையையும் வத்த என்பது தோட்டத்தையும் குறிப்பன. நகரின் வடகோடியில், கொட்டாஞ்சேனைக்கு அப்பால், களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தை அண்டிய பகுதி முகத்துவாரம் எனப்படும். ஆக, நகரின் தெற்கே மணலும் வடக்கே ஆற்று வாயிலும் இடப்பெயர்களாகவே பதிந்துள்ளன. இவ்விரண்டினதும் உறவே இக்கரையின் இயற்கை வரலாறு.

கடற்கரை மணல் நிலையாகக் கிடப்பதன்று. அலை கரையைச் சாய்வாக வந்து மோதும்போது மணல் சாய்வாக மேலேறுகின்றது; நீர் பின்வாங்கும்போது நேராகக் கீழிறங்குகின்றது. ஒவ்வோர் அலைக்கும் சிறிது சிறிதாக அது கரை நெடுகிலும் நகர்ந்து செல்கின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகத்தின்போது மேற்குக் கரையில் இவ்வியக்கம் வேகம் பெறும். வாடைக் காலத்தில் கடல் அடங்கியிருக்க, இழந்த மணலின் ஒரு பகுதி மீண்டும் கரையில் ஒதுங்கும். களனி கங்கை மலைநாட்டிலிருந்து கொணரும் மணல் முகத்துவாரத்திற் கடலை அடைந்து, பெரும்பாலும் வடக்கு நோக்கிச் சென்று, நீர்கொழும்பு வரையுள்ள கரைக்கு ஊட்டமாகின்றது. எனவே கடற்கரை என்பது ஒரு வரவுசெலவுக் கணக்கினை ஒத்தது. ஓரிடத்தில் மணல் மறிக்கப்படின் அடுத்த இடத்தின் வரவு குறையும். அலையின் செலவோ குறையாது. ஓரூர்க் கரையின் கேட்டுக்கு வேறோரூரில் நிகழ்ந்த செயல் காரணமாகலாம் என்னும் இவ்வுண்மை பின்வரும் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

2. அரசனின் பழியும் மீனவரின் வேண்டுதலும்

கடலரிப்புத் துறைமுகத்தோடு தோன்றியதன்று. கொழும்பின் வடகரை பற்றிய இரு பழங்கதைகள் இதற்குச் சான்றாகின்றன. இவற்றை நடந்த நிகழ்ச்சிகளின் பதிவுகளாகக் கொள்வதற்கில்லை. சமூகம் கடலின் சீற்றத்தை எவ்வாறு விளக்கிக்கொண்டது என்பதற்கான சான்றுகளாக இவற்றைக் கொள்ளலாம்.

முதலாவது மகாவம்சம் கூறுவது. களனியை ஆண்ட தீசன் குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொல்விக்க, சினங்கொண்ட கடல் நிலத்துட் புகுந்தது. அதனைத் தணிக்க அரசன் தன் மகளைப் பொற்கலத்திலிட்டுக் கடலில் விட்டான். தென்கரையை அடைந்த அவளே பின்னர் துட்டகைமுனுவின் தாயானாள். பிற்காலத்து இராஜாவலிய இக்கதையை விரித்து, கடல் கொண்ட பட்டினங்களோடு மீனவர் ஊர்களையும் முத்துக்குளிப்போர் ஊர்களையும் நூற்றுக்கணக்கில் எண்ணிக் கூறுகின்றது. ஆயின் கதையில் வரலாறு பெறுபவள் அரசிளங்குமரி ஒருத்தியே. மூழ்கிய ஊர்கள் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சுகின்றன. நிலமானியச் சமுதாயத்தின் வரலாற்றெழுத்து வேறு விதமாக அமைந்திருக்கவும் முடியாது.

இரண்டாவது கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தின் தோற்றம் பற்றிய மரபுக்கதை. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் தேடப்பட்ட காலம். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குரு வணிகர் கோலத்தில் மறைந்து வாழ்ந்தார் என்பர். கொச்சிக்கடை என்னும் பெயரையும் இதனோடு தொடர்புபடுத்துவர். ஒல்லாந்தர் அவரைத் தேடிவந்தபோது, முகத்துவாரத்து மீனவர் அவரிடம் ஓர் உடன்பாட்டினை முன்வைத்தனர்: தம் ஊரை அரித்துவரும் கடலை அவர் தடுப்பாராயின் அவரைத் தாம் காப்பர். குரு கரையிற் சிலுவை நாட்டி மூன்று நாள் வேண்டினார். கடல் பின்வாங்கி மணற்றிட்டு எழுந்தது என்பது கதை.

இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முன்னையது அரண்மனையின் கதை. பின்னையது உழைப்போரின் கதை. பின்னையதில் கடலரிப்பு அறநெறி பற்றிய உவமையாக நில்லாது, வாழ்வாதாரச் சிக்கலாகவே இடம்பெறுகின்றது. மீனவர் ஊரையும் கரையையும் தாமே பேசுகின்றனர், கைம்மாறும் பேசுகின்றனர். அற்புதமாகக் கூறப்படுவதும் மணற்றிட்டு எழுந்த நிகழ்ச்சியே. கடல் பின்வாங்குவதென்றால் மணல் வருவதென்று அம்மக்கள் அறிந்திருந்தனர்.

3. துறைமுகம்: ஓரிடத்து ஆக்கம், வேறிடத்து இழப்பு

1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமை இந்து சமுத்திரக் கப்பற் போக்குவரத்தின் தன்மையை மாற்றியது. அதுவரை அஞ்சற் கப்பல்கள் காலித் துறையையே நாடின. ஆயின் மலைநாட்டுப் பெருந்தோட்டங்களின் கோப்பி கொழும்பு வழியாகவே வெளியேறியது. கொழும்பிலோ சோளகக் காலத்தில் கப்பல்கள் திறந்த கடலில் அல்லற்பட்டன. பெருந்தோட்ட முதலின் தேவையை நிறைவுசெய்யப் பொறியியலாளர் சேர் ஜோன் கூட் வகுத்த திட்டப்படி, தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு 1875 டிசம்பர் 8 ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 4,200 அடிக்கு மேல் நீண்ட அவ்வணை 1885 இல் நிறைவுற்றது. மேலும் இரு அணைகள் எழுப்பப்பட்டு, 1912 அளவில் துறைமுகம் முற்றிலும் காப்புடையதாயிற்று.

இவ்வணைக்கு வேண்டிய கருங்கல் மஹரவில் அமைந்த கற்குழியிலே சிறைக்கைதிகளின் உழைப்பினால் உடைக்கப்பட்டது. துறைமுகத்தை நோக்கி வந்த சரக்கு தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் உழைப்பில் விளைந்தது. அணை முடிவதற்குள் இலைநோய் கோப்பியை அழித்துவிட, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. உழைப்பின் தன்மை மாறவில்லை. அச்சரக்கைக் கப்பலேற்றியோரிற் பலர் கொட்டாஞ்சேனையையும் அதன் அயலையும் இருப்பிடமாகக் கொண்டனர். 1927 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் துறைமுகத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் நன்கறியப்பட்டது. துறைமுகம் வகுத்த வர்க்க உறவுகள் இவ்வாறு நம் வரலாற்றெழுத்தில் இடம்பெற்றுள்ளன. அது கரையின் மீது வகுத்த உறவோ அத்துணை கவனிக்கப்பட்டதில்லை.

கடலுள் நீண்ட அணை அலையை மட்டும் தடுப்பதில்லை. கரைநெடுகச் செல்லும் மணலையும் மறிக்கின்றது. கப்பற் பாதையில் தேங்குவது தோண்டி அகற்றப்படுகின்றது. இவற்றோடு, பிற்காலத்தில் களனி கங்கையில் நிகழ்ந்த மிகையான மணலகழ்வும் சேர்ந்துகொண்டது. அதனால் ஆற்றுப்படுகை தாழ்ந்தது. வறட்சிக் காலத்தில் உவர்நீர் அம்பத்தளை நீரேற்று நிலையம் வரை அச்சுறுத்தியது. கடலைச் சேரும் மணலும் குறைந்தது. காக்கைதீவு, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என வடக்கே நீளும் கரை தேய்ந்து வந்தமைக்கு இவை முதன்மையான காரணங்கள்.

எங்கெல்சு 1876 இல் எழுதிய, மனிதனின் தோற்றத்தில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில், இயற்கை மீது மனிதன் பெறும் வெற்றிகள் ஒவ்வொன்றும் எதிர்பாராத பின்விளைவுகளைக் கொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று கியூபாவின் கோப்பித் தோட்டம். ஒரு தலைமுறை இலாபத்துக்காக மலைச்சரிவுக் காடுகளை எரித்த தோட்டத்துரைமார் பின்னர் மழை மண்ணை வாரிச்சென்றதைப் பற்றிக் கவலை கொண்டிலர் என்பது அவர் கூற்றின் சாரம். கோப்பிக்கென எழுந்த கொழும்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது அதற்கு முந்திய ஆண்டில். இங்கு வேண்டிய திருத்தம் ஒன்றே. கொழும்பில் வெற்றியை நுகர்ந்தோரும் விளைவைச் சுமந்தோரும் ஒருவரல்லர். ஆக்கம் துறைமுகத்தில் திரண்டது. இழப்பு மணல் செல்லும் திசையிற் சென்று, துறைமுகத்தாற் பயன்பெறாத மீனவரின் வாடிகளை அடைந்தது.

4. வெள்ளவத்தை: இருப்புப் பாதையும் மாடிவீடும்

நகரின் தென்பால் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1870களின் பிற்பகுதியில் பாணந்துறை, களுத்துறை வரையும், 1895 இல் மாத்தறை வரையும் நீண்ட கரையோரப் புகையிரதப் பாதை, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் அலையின் விளிம்பிலேயே செல்கின்றது. அலைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் வந்த கரைக்கு நிலையான எல்லையொன்று விதிக்கப்பட்டது. அவ்வெல்லையைக் காக்கக் கருங்கற்கள் குவிக்கப்பட்டன. கற்சுவரில் மோதி மீளும் அலை அதன் முன்னுள்ள மணலை வாரிச் செல்லும் இயல்புடையது. பாதை காக்கப்பட்டது, கரை ஒடுங்கியது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இதே பாதையின் தென்பகுதியில், பெரேலியவில், புகையிரதமொன்றைத் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கடலின் விளிம்பிற் பாதை அமைப்பதன் விலையை நாடு அன்று கண்டது.

வெள்ளவத்தையின் சமூக வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம், கொல்வின் ஆர். டி சில்வா முதலியோரைத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னணிக்குக் கொணர்ந்து, 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு வழிகோலியது. இன்று அவ்வாலை நின்ற நிலத்தில் உயர்மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. இன்னொரு புறம், வெள்ளவத்தை தமிழ் மத்தியதர வர்க்கத்தின் உறைவிடமாக வளர்ந்தது. 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்குதான் நிலைகொண்டுள்ளது. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தாக்கப்பட்டு, 1983 இல் பலர் அகதிகளாகக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வடக்கே சென்ற பின்னரும், இம்மக்கள் இங்கு மீண்டும் வேரூன்றினர். யுத்த காலத்தில் வடகிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் வருகையும் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணமும் மாடிவீட்டுக் கட்டடத் தொழிலைப் பெருக்கின.

பாதுகாப்பினைத் தேடிய ஒரு சமூகத்தின் வீட்டுத் தேவையை இழித்துரைப்பது நேர்மையாகாது. ஆயினும் கொங்கிறீற்றுக்கு ஆற்றுமணல் வேண்டும் என்பதும், ஆற்றில் அகழ்ந்த மணல் கரையை அடையாது என்பதும் உண்மைகளே. தலைநகரின் கட்டட முதல், இன மத வேறுபாடின்றி, தன் மணலை ஆறுகளிலிருந்து பெற்றது. ஒடுக்கப்பட்ட இனமொன்றின் மத்தியதர வர்க்கமும் இவ்வுறவுக்குப் புறம்பானதன்று. இனப் பிரச்சினையின் கோணத்திலிருந்து மட்டும் கொழும்பை நோக்கும் ஆய்வுகளில் இவ்வுறவு புலப்படுவதில்லை.

5. சட்டமும் அதன் சமனற்ற கரமும்

இலங்கையிற் கரைப் பாதுகாப்புக்கான அரச அமைப்பு 1963 இல் தோன்றியது. அது கொழும்புத் துறைமுக ஆணைக்குழுவினுள் ஒரு பிரிவாக அமைக்கப்பட்டமை சிந்தனைக்குரியது. மணலை மறித்த நிறுவனத்திடமே கரையைக் காக்கும் பணியும் கையளிக்கப்பட்டது. 1978 இல் அது கடற்றொழில் அமைச்சுக்கு மாற்றப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்புறமாக 300 மீற்றரையும், தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்புறமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுத்து, அதனுள் நிகழும் அபிவிருத்திக்கு அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1980களில் டென்மார்க்கின் உதவியுடன் கடலரிப்பு முகாமைத்துவத்துக்கான பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. 1990 இல் கரையோர வலய முகாமைத்துவத் திட்டம் வந்தது. வளர்முக நாடொன்றுக்கு இவை முன்னோடியான முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. களனி முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒடுங்கிய மணற்றிடலொன்றினாற் கடலிலிருந்து பிரிக்கப்பட்டுள்ள முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி 1996 இல் சரணாலயமாக்கப்பட்டமையும் குறிப்பிடத்தக்கது. நகரை அண்டிய அச்சதுப்பு நிலம் வெள்ளநீரைத் தேக்குவதோடு, நீர்கொழும்புக் களப்பின் மீன்வளத்துக்கும் ஆதாரமாகின்றது. அதன் கடற்புற அரணாகிய மணற்றிடலுக்கோ மேலே கூறிய மணல்வரவே ஆதாரம்.

எனினும் சட்டத்தின் எழுத்தும் நடைமுறையும் ஒன்றல்ல. 2004 ஆழிப்பேரலையை அடுத்து, தென்மேற்கே 100 மீற்றரும் வடகிழக்கே 200 மீற்றரும் கட்டடம் எழுப்பக்கூடாத இடைவலயமாக அறிவிக்கப்பட்டன. வீடிழந்த மீனவர் கரையிலிருந்து அகற்றப்பட, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. எதிர்ப்பின் விளைவாக அவ்வலயம் பின்னர் தளர்த்தப்பட்டது. இயற்கையின் பெயரால் வரையப்பட்ட கோடு வர்க்கத்தின் வழியே வளைந்தது எனலாம். மேலும், 2020 இல் கல்கிசை முதலிய இடங்களில் கடலடி மணலைக் கொட்டிக் கரையைச் செயற்கையாக அகலப்படுத்தும் திட்டம் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டுச் சோளகத்திலேயே கல்கிசையிற் கொட்டிய மணலின் பெரும்பகுதி இடம்பெயர, பொதுமக்களிடையே கடும் விவாதம் எழுந்தது. அம்மணல் அழிந்துவிடவில்லை, வேறிடம் சென்றதே எனப் பொறியியலாளர் கூறக்கூடும். ஆயின் மணலின் முழு ஓட்டத்தையும் கணக்கிற் கொள்ளாது ஓரிடத்தை மட்டும் செப்பனிடுவதன் வரையறையை அது வெளிப்படுத்தியது.

6. கடலிலிருந்து எழுந்த நிலம்

காலிமுகத்திடலுக்கும் துறைமுகத்துக்கும் இடையே எழுந்துள்ள துறைமுக நகரம் இவ்வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம். 2014 செப்டெம்பரில் தொடங்கிய இத்திட்டம் 2015 இல் இடைநிறுத்தப்பட்டு, 2016 இல் மீண்டும் முன்னெடுக்கப்பட்டது. 2019 இன் தொடக்கத்தில் 269 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து மீட்கப்பட்டு நிறைவுற்றது. 65 மில்லியன் கன மீற்றர் அளவான மணல் கொழும்புக்கு வடக்கேயுள்ள கடலடியிலிருந்து இதற்கென அகழப்பட்டது. இந்நிலத்தில் 116 ஹெக்டேயர் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்துக்கு உரியதாயிற்று. மீன்கள் இனம்பெருக்கும் கடலடி குலைகின்றது என்றும், தேய்ந்துவரும் தம் கரை மேலும் தேயும் என்றும் நீர்கொழும்பு மீனவர் 2016 இல் உண்ணாவிரதமிருந்து எதிர்த்தனர்.

துறைமுக அணைகள் ஏலவே மணலை மறித்துவிட்டமையால், அவற்றின் மறைவிலுள்ள புதிய நிலத்தினாற் கரைக்குப் பெரிய மாற்றம் நேராது என்ற வாதம் எழக்கூடும். பொறியியல் நோக்கில் இதனை ஒதுக்கிவிட இயலாது. ஆயின் அவ்வாதத்தின் சமூக உள்ளடக்கம் யாது? 19 ஆம் நூற்றாண்டிற் குடியேற்ற ஆட்சி ஏற்படுத்திய ஊறு, 21 ஆம் நூற்றாண்டின் நிதிமூலதனத்துக்கு நியாயமாகின்றது. முந்திய இழப்புக்கு ஈடுசெய்யப்படாத மக்களிடமே, இழப்பதற்கு இனி அதிகமில்லை எனக் கூறப்படுகின்றது. கடலடியில் எவருடைய தனியுடைமையாகவும் இல்லாதிருந்த மணல், இடம் மாற்றப்பட்டதும் குத்தகைக்குரிய நிலமாகி விலை பெறுகின்றது. பொதுவுடைமை தனியுடைமையாகும் பழைய நிகழ்ச்சிப்போக்கு இங்குக் கடலுக்கடியிலும் நிகழ்ந்துள்ளது.

துறைமுக நகரத்துக்குத் தனியான பொருளாதார ஆணைக்குழுவை அமைக்கும் சட்டம் 2021 மே 20 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே நாளிற் கொழும்புத் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. ஜூனில் அக்கப்பல் மூழ்க, அதன் நெகிழித் துணிக்கைகள் மேற்குக் கரை நெடுகிலும் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. இரு நிகழ்ச்சிகளும் ஒருநாளில் நேர்ந்தது தற்செயலே. ஆயின் ஆக்கம் துறைமுகத்திற் குவிய இழப்பு கரைநெடுகப் பரவும் உறவு தற்செயலானதன்று.

7. முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கடலரிப்பு இயற்கை நிகழ்ச்சியே. கொச்சிக்கடைக் கதை அதனை உணர்த்துகின்றது. ஆயின் 1875 க்குப் பின்னர் எவ்விடம் தேயும், எவ்விடம் காக்கப்படும் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிக்கவில்லை. பாதையும் துறைமுகமும் நகரமும் காக்கப்பட்டன. மீனவர் கரை விடப்பட்டது. எனவே கரையோர முகாமைத்துவம் கல்லும் மணலும் பற்றிய தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் அமையாது, பங்கீடு பற்றிய பிரச்சினையாகவும் அமைகின்றது. களனியின் மணலகழ்வு முதல் நீர்கொழும்புக் கரைவரை ஒரே மணற்கணக்காகக் கொள்ளப்படல் வேண்டும். மணலை மறிப்போரும் அகழ்வோரும் கீழ்க்கரையின் இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். அக்கணக்கைத் தீர்மானிக்கும் அவையில் மீனவர் சங்கங்கள் சாட்சிகளாக மட்டும் அழைக்கப்படாது, முடிவெடுப்போராக அமர வேண்டும்.

தமிழாய்வாளர்க்கும் இதிற் கடமையுண்டு. கொழும்பின் வடகரை தொட்டுச் சிலாபம் வரையுள்ள மீனவக் கத்தோலிக்கரிற் பலருடைய முன்னோர் தமிழ் பேசியோர். இன்று அவர்களிற் பெரும்பாலோர் சிங்களம் பேசுகின்றனர். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மணற்றிட்டுக்கும் அவர்கள் வழங்கும் சொற்களில் இரு மொழிகளும் கலந்து வாழ்கின்றன. அச்சொற்களைத் தொகுப்பது மொழியாய்வு மட்டுமன்று. எந்தக் கரை எக்காலத்தில் எவ்வளவு அகன்றிருந்தது, வலையிழுத்த இடம் எப்போது கடலுள் மறைந்தது என்னும் மக்களின் சாட்சியமும் அவற்றோடு சேர்ந்து கிடைக்கும். இழப்பீடு கோரும் நாளில் அச்சாட்சியம் பயன்படும். நெய்தலைப் பாடநூலிற் கற்கும் மாணவர் வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரத்துக்குச் செல்லப் பேருந்திலே ஒரு மணி நேரமளவு போதும். அங்குத் தொடங்க வேண்டிய ஆய்வு காத்துக் கிடக்கின்றது.